ஏழு நாளும் அதே மின்னல் படம்: இடிமழை வாரத்தின் முன்னறிவிப்பைப் படிப்பது எப்படி?

வசந்த காலத்தின் நடுவில் வாராந்திர வானிலை முன்னறிவிப்பைத் திறந்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "வாரம் முழுவதும் வெப்பம் இயல்பைவிடக் கூடுதலாக இருக்கும். அவ்வப்போது இடியுடன் மழை பெய்யலாம். ஓரிரு இடங்களில் பலத்த காற்றும் ஆலங்கட்டி மழையும் எதிர்பார்க்கப்படுகின்றன." பக்கத்திலேயே திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு சிறு படங்கள். ஏழிலும் ஒரு கருமேகம், அதன் கீழே ஒரு மின்னல் கீற்று.

இதைப் பார்த்ததும் வாரம் முழுக்க மழைதான் என்று முடிவுகட்டி, எல்லா வேலைகளையும் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. செவ்வாய்க்கிழமை வரை வெயில் கொளுத்துவதைக் கண்டு, "இவர்கள் சொல்லி எது நடந்திருக்கிறது!" என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. இரு தரப்பாரையும் ஏமாற்றியது அந்தப் படம்தான்; வாசகம் சரியாகவே சொல்லியிருக்கிறது. இப்படிப்பட்ட ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தில், குறிப்பிட்ட ஓர் ஊரில் உண்மையில் மழை கொட்டும் நேரம் பெரும்பாலும் சில மணி நேரமே. எஞ்சிய நேரமெல்லாம் வெயில், புழுக்கம், அரைகுறை மேகம். ஒரு நாளைக்கு ஒரே படம்தான் போட முடியும் என்ற நிலையில், அந்த நாளில் நேரக்கூடியவற்றுள் மோசமானதையே பல செயலிகள் படமாகப் போடுகின்றன. அதை விட்டுவிட்டு வாசகத்துக்கு வருவோம்.

வெப்பம் கூடுதல் என்கிறார்கள். அதோடு இடிமழை என்கிறார்கள். இவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முதலாவது இருப்பதால்தான் இரண்டாவது வருகிறது.

காற்று மேலே ஏற என்ன வேண்டும்?

இடிமழை உருவாக மூன்று பொருள்கள் வேண்டும்: தரையோரக் காற்றில் ஈரம், மேலே போகப் போக விரைவாகக் குளிரும் வளிமண்டலம், கீழே உள்ள காற்றை முதலில் கொஞ்சம் மேலே தள்ளிவிட ஏதோ ஒரு விசை. வானிலையாளர்கள் ஒவ்வொரு நாளும் வரைபடங்களில் தேடுவது இந்த மூன்றையும்தான்.

ஈரத்திலிருந்து தொடங்கலாம். சூடான காற்றில் நீராவி அதிகம் தங்கும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 9 கிராம் நீராவிதான் இருக்க முடியும். 20 டிகிரியில் 17 கிராம். 30 டிகிரியில் சுமார் 30 கிராம். காற்றில் உண்மையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அறிய, முன்னறிவிப்பில் வரும் ஈரப்பத சதவீதத்தைவிடப் பனிநிலையைப் பார்ப்பது மேல். காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள நீராவி துளியாக மாறத் தொடங்குமோ, அதுவே பனிநிலை. ஈரப்பத சதவீதம் காலையில் 90, பிற்பகலில் 45 என்று நாள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கும். காற்றில் உள்ள நீராவி மாறாமல் இருந்தாலும் ஆடும். பனிநிலை அப்படி ஆடாது. அது 20 டிகிரியைத் தாண்டினால் உடலில் பிசுபிசுப்பு தெரியும். இரவிலும் வெப்பம் அதற்குக் கீழே எளிதில் இறங்காது. பல செயலிகள் இந்த எண்ணை ஏதோ ஒரு மூலையில் ஒளித்து வைத்திருக்கின்றன. தேடி எடுத்துப் பார்ப்பது பலன் தரும்.

இனி ஒரு சிறு கணக்கு. பிற்பகலில் தரையில் வெப்பம் 30 டிகிரி, பனிநிலை 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தரையோரக் காற்றின் ஒரு பகுதி மேலே கிளம்புகிறது. உயரம் கூடக் கூட அழுத்தம் குறைவதால் அது விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. மேகமாகும் வரை, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி வீதம் குளிரும். வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு டிகிரி இடைவெளிக்கும் சுமார் 125 மீட்டர் ஏறினால் மேகம் தொடங்கிவிடும். இங்கே இடைவெளி 10 டிகிரி. ஆகவே மேகத்தின் அடிப்பகுதி 1,250 மீட்டரில் இருக்கும். பனிநிலை 10 டிகிரியாக இருந்திருந்தால் அந்தக் காற்று 2,500 மீட்டர் வரை ஏறவேண்டியிருக்கும். வறண்ட நாளில் மேகங்கள் உயரத்தில் மிதப்பதும், புழுங்கும் நாளில் தாழத் தொங்குவதும் இதனால்தான்.

1,250 மீட்டரில் அந்தக் காற்றின் வெப்பம் 17.5 டிகிரி. இதற்குமேல்தான் கதை மாறுகிறது. நீராவி துளியாகும்போது, ஆவியாகும்போது உள்வாங்கிய வெப்பத்தைத் திருப்பித் தருகிறது. ஒரு கிலோகிராம் நீராவிக்கு ஏறத்தாழ 2,500 கிலோஜூல். இந்த உள்ளுறை வெப்பம் சேர்வதால் மேகத்துக்குள் ஏறும் காற்று கிலோமீட்டருக்கு 6 டிகிரி அளவிலேயே குளிர்கிறது. சுற்றியுள்ள வளிமண்டலமோ, இத்தகைய வாரங்களில், கிலோமீட்டருக்கு 7.5 டிகிரி வீதம் குளிர்ந்துகொண்டு போகலாம். இன்னும் 4 கிலோமீட்டர் ஏறியதும் பாருங்கள்: மேகத்துக்குள் இருக்கும் காற்று மைனஸ் 6.5 டிகிரி, வெளியே மைனஸ் 12.5 டிகிரி. உள்ளே இருப்பது 6 டிகிரி சூடு அதிகம்; ஆகவே இலேசானது. இனி யாரும் தள்ளத் தேவையில்லை, தானாகவே பாய்ந்தேறும். முன்னறிவிப்பில் "வளிமண்டலம் நிலையற்றதாக இருக்கிறது" என்று வருவதன் பொருள் இதுதான். இந்த மிதப்பாற்றலைக் கூட்டிக் கணக்கிட்டு 'கேப்' என்ற எண்ணாகத் தருவார்கள். ஒரு கிலோகிராம் காற்றுக்கு 1,000 ஜூலைத் தாண்டினால் இடிமழைக்குப் போதுமான ஆற்றல். 2,500-ஐத் தாண்டினால் அது பெரிய எண்.

வசந்தத்தில் மேல்வானமும் தரையும் ஒரே வேகத்தில் சூடாவதில்லை. சூரியன் உயர்ந்து தரையை நாளுக்கு நாள் அதிகமாகச் சூடேற்றுகிறது; மேலே குளிர்காலத்தின் குளிர் இன்னும் விடைபெறவில்லை. மித வெப்ப மண்டலங்களில், மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டமும் இன்னும் வலுவாகவே இருக்கிறது. கீழே வெப்பமண்டலப் பக்கமிருந்து ஈரக்காற்று மெல்லத் திரும்பி வருகிறது. மூன்றும் ஒரே வாரத்தில் கூடினால் முன்னறிவிப்பாளருக்குத் தூக்கம் குறையும்.

எல்லாம் இருந்தும் மழை வராத நாள்

ஈரம் இருக்கிறது, ஆற்றல் இருக்கிறது, மாலைவரை ஒன்றும் நடக்கவில்லை. அதற்கும் காரணம் உண்டு. தரையிலிருந்து ஓரிரு கிலோமீட்டர் உயரத்தில் சூடான, வறண்ட காற்றடுக்கு ஒன்று படர்ந்திருக்கும். கீழிருந்து ஏறும் காற்று அந்த அடுக்கை எட்டும்போது சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்ததாகிவிடுகிறது, அதனால் நின்றுவிடுகிறது. கொதிக்கும் பானைக்கு மூடி போட்டதுபோல் இது இருப்பதால் வானிலையாளர்களும் 'மூடி' என்றே குறிப்பிடுகிறார்கள்.

மூடி இலேசாக இருந்தால் காலையிலேயே சிறு தூறல்கள் ஆங்காங்கே விழுந்து ஆற்றல் வீணாகிவிடும். மிகக் கனமாக இருந்தால் நாள் முழுக்க வெயிலும் புழுக்கமும்தான். இரண்டுக்கும் நடுவில் இருக்கும்போதுதான் சிக்கல். பிற்பகல்வரை ஆற்றல் சேர்ந்துகொண்டே போய், நான்கு மணிக்கோ ஐந்து மணிக்கோ ஓரிடத்தில் மூடி உடைகிறது. அந்த ஓரிடத்தின் வழியாக எல்லாம் பீறிட்டுக் கிளம்புகிறது. மோசமான இடிமழைகள் பலவும் இப்படிப்பட்ட, பகலெல்லாம் அமைதியாக இருந்த நாள்களில் வந்தவை. அமெரிக்காவின் நடுச்சமவெளியில் மெக்சிகோ பீடபூமியிலிருந்து வரும் சூடான வறள்காற்று, மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றுக்கு மேல் படர்ந்து இந்த மூடியை உண்டாக்குகிறது. வங்காளத்தில் மார்ச் முதல் மே வரை அடிக்கும் 'கால்பைசாகி' புயல்மழைகளுக்கும் இதே அமைப்புதான்: கீழே வங்கக்கடலின் ஈரம், மேலே சோட்டா நாக்பூர் பக்கத்திலிருந்து வரும் வறண்ட சூடு.

மூடி எவ்வளவு கனமானது என்பதைத் தரையில் நின்று கண்டுபிடிக்க முடியாது. அதற்காகத்தான் உலகெங்கும் பல நூறு நிலையங்களிலிருந்து, பெரும்பாலானவற்றில் நாளுக்கு இருமுறை, கருவி கட்டிய பலூன்களை ஒரே நேரத்தில் பறக்கவிடுகிறார்கள். அவை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உயரம்வரை சென்று, வழியெல்லாம் வெப்பத்தையும் ஈரத்தையும் அழுத்தத்தையும் காற்றையும் அளந்து அனுப்புகின்றன. காலை முன்னறிவிப்பு ஒன்று சொல்லி, நண்பகலில் அது திருத்தப்பட்டால், அதை மழுப்பல் என்று நினைக்கவேண்டாம். புதிய அளவீடுகள் கைக்கு வந்திருக்கின்றன என்று பொருள்.

ஒரு மேகத்தின் ஒரு மணி நேரம்

இடிமேகத்தின் வாழ்க்கை பற்றி இன்று பாடநூல்களில் உள்ள சித்திரம் பெரும்பாலும் ஒரே ஆய்விலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-இல் புளோரிடாவிலும் 1947-இல் ஒஹாயோவிலும், விமானங்களை இடிமேகங்களுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தார்கள். ஹோரஸ் பையர்ஸ், ராஸ்கோ பிராஹாம் ஆகியோர் அதிலிருந்து மூன்று கட்டங்களை வகுத்துச் சொன்னார்கள்.

முதலில் பஞ்சுப் பொதி போன்ற மேகம், கூர்மையான விளிம்புகளோடு, உயரத்தில் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். இந்தக் கட்டத்தில் உள்ளே எல்லாக் காற்றும் மேல்நோக்கியே ஓடுகிறது. வெள்ளை விளிம்பு பூக்கோசுபோல் புடைத்துப் புடைத்து எழுவதைக் கண்ணால் பார்க்கலாம். 10, 12 கிலோமீட்டர் உயரத்தில் வளிமண்டலம் மறுபடி வெதுவெதுப்பாகத் தொடங்கும் எல்லையை எட்டியதும், மேலும் ஏற வழியின்றிப் பக்கவாட்டில் விரிந்து, தலை தட்டையாகிவிடும். அந்தத் தட்டையான தலையின் விளிம்பு கலைந்து இழையிழையாகத் தெரிந்தால், மேலே துளிகள் பனித்துகள்களாகிவிட்டன என்று அறியலாம்.

இரண்டாம் கட்டத்தில் மழை விழத் தொடங்குகிறது. விழும் மழை காற்றையும் கீழே இழுக்கிறது. வழியில் ஒரு பகுதி ஆவியாகி அந்தக் காற்றைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த காற்று கனமாகி இன்னும் வேகமாக விழுகிறது. தரையில் மோதி எல்லாப் பக்கமும் பரவுகிறது. மழைக்குச் சில நிமிடங்களுக்கு முன் திடீரென்று சில்லென வீசுகிறதே ஒரு காற்று, அது இதுதான். சில நிமிடங்களில் வெப்பம் 5 முதல் 10 டிகிரிவரைகூட இறங்கிவிடும். மின்னல், ஆலங்கட்டி, பெருமழை மூன்றும் இந்தக் கட்டத்தில்தான். மூன்றாம் கட்டத்தில் அந்தக் குளிர்காற்றே மேகத்துக்குள் ஏறும் சூடான காற்றை அடியோடு துண்டித்துவிடுகிறது. தன் மழையாலேயே தான் அழிகிறது மேகம். தொடக்கம் முதல் முடிவுவரை முப்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை.

ஆனால் பரவிய குளிர்காற்று உடனே காணாமல் போவதில்லை. அதன் விளிம்பு ஒரு சிறு சுவர்போல் நகர்ந்து, எதிர்ப்படும் சூடான ஈரக்காற்றை மேலே தள்ளுகிறது. அங்கே அடுத்த மேகம் பிறக்கிறது. இரவில் மழை ஓய்ந்த பிறகும் அந்த விளிம்பு ஓரிடத்தில் தங்கிவிட்டால், மறுநாள் பிற்பகலில் அதே கோட்டின் மேல் மழை தொடங்கலாம். நேற்று எங்கே மழை பெய்தது என்பது இன்று எங்கே பெய்யும் என்பதைத் தீர்மானிப்பதில் பங்கு வகிக்கிறது. ஐந்தாம் நாள் மழை எந்த ஊரில் என்று திங்கட்கிழமையே சொல்ல முடியாததற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது.

காலை மேகமும் கணக்கை மாற்றும். முந்தைய இரவின் எச்சமாக வந்த மேகம் பத்து மணிக்குள் கலைந்தால் தரை சூடாகி, மாலையில் மழை வலுக்கும். நண்பகல் தாண்டியும் கலையாவிட்டால் வெப்பம் முன்னறிவித்ததைவிட நான்கைந்து டிகிரி குறைந்து, மாலை மழையும் பிசுபிசுத்துப் போகலாம்.

40 சதவீதம் என்றால் என்ன?

"மழை வாய்ப்பு 40 சதவீதம்" என்பதை நாளின் 40 சதவீத நேரம் என்று படிப்பவர்கள் பலர். ஊரின் 40 சதவீதப் பரப்பு என்பவர்களும் உண்டு. இரண்டும் அல்ல. நீங்கள் நிற்கும் இடத்தில், குறிப்பிட்ட கால அளவுக்குள், அளக்கத்தக்க மழை பெய்வதற்கான வாய்ப்பு பத்துக்கு நான்கு. எவ்வளவு நேரம் பெய்யும், எவ்வளவு கொட்டும் என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. 30 சதவீத நாளில் வரும் மழை சாலையை மூழ்கடிக்கலாம். 80 சதவீத நாளில் வருவது வெறும் தூறலாக இருக்கலாம்.

அடுத்தடுத்து ஐந்து நாள்களுக்கு 40 சதவீதம் என்று போட்டிருந்தால்? ஒவ்வொரு நாளும் மழை வராத வாய்ப்பு 0.6. ஒரு நாளுக்கும் மற்றொரு நாளுக்கும் தொடர்பில்லை என்று வைத்து ஐந்து முறை பெருக்கினால், ஐந்து நாளும் வராமலே போகும் வாய்ப்பு 8 சதவீதம்தான். அதாவது வாரத்தில் ஒருநாளாவது நனைவது ஏறக்குறைய உறுதி. ஐந்து நாளும் தவறாமல் நனையும் வாய்ப்போ ஒரே சதவீதம். ஏழு மின்னல் படங்கள் மறைத்துவிட்ட செய்தி இதுதான்: மழை வரும், தினமும் வராது, எந்த நாள் என்று இப்போது கேட்காதீர்கள்.

இந்த எண்ணை எப்படிப் போடுகிறார்கள்? 1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை அறிவியலாளர், கணினியில் 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று சுருக்கிக் கொடுத்தபோது, சிறிது காலத்துக்குப் பின் முற்றிலும் வேறான வானிலை விடையாக வந்தது. தொடக்கத்தில் உள்ள மிகச்சிறிய பிழையும் நாள்போக்கில் பெருகிவிடும் என்பது தெளிவாயிற்று. அதனால் இன்று ஒரே கணிப்போடு நிற்பதில்லை. தொடக்க நிலைகளைச் சற்றே மாற்றிப் பல கணிப்புகளை ஓட்டுகிறார்கள்; ஐரோப்பிய நடுத்தரக்கால முன்னறிவிப்பு மையம் 51 கணிப்புகளை ஓட்டுகிறது. எத்தனை கணிப்புகளில் உங்கள் இடத்தில் மழை வருகிறதோ, அதிலிருந்து வாய்ப்பு கணக்கிடப்படுகிறது. ஐந்தாம் நாள் வெப்பம் எல்லாக் கணிப்புகளிலும் ஒத்துப்போவது சாதாரணம். மழை அப்படி ஒத்துப்போவதில்லை. ஆகவே வாரக் கடைசிக்கு, வெப்பத்தை நம்பலாம். மழையின் இடத்தையும் நேரத்தையும் நம்பவேண்டாம். தனியொரு இடிமேகத்தைப் பொறுத்தவரை சில மணி நேரத்துக்கு முன்புதான் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். அதன் பிறகு ரேடார் படமே நல்ல வழிகாட்டி.

"ஓரிரு இடங்களில் பலத்த காற்று"

முன்னறிவிப்பின் இந்தக் கடைசி வரியைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் மடியும் மேகத்தால் பெரிய தீங்கு நேர்வது குறைவு. தரையோரக் காற்று ஒரு திசையில், மேலே பலமாக வேறொரு திசையில் என்று இருக்கும்போது நிலைமை வேறு. மழை ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு விழுவதால், மேகத்துக்குள் ஏறும் சூடான காற்று துண்டிக்கப்படுவதில்லை. மேகம் பல மணி நேரம் வாழ்கிறது, சுழலவும் தொடங்கலாம். பெரிய ஆலங்கட்டிகளும் டோர்னடோ சூறாவளிகளும் இவற்றிலிருந்தே பெரும்பாலும் வருகின்றன.

இந்த அமைப்பை முன்கூட்டியே இனங்காண முடியும் என்று முதலில் காட்டியதும் ஒரு வசந்த வாரத்தில்தான். 1948 மார்ச் 20 இரவு, ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தை டோர்னடோ ஒன்று தாக்கி விமானங்களைச் சின்னாபின்னமாக்கியது. அங்கே பணியாற்றிய எர்னஸ்ட் ஃபாபுஷ், ராபர்ட் மில்லர் என்ற இரு வானிலை அதிகாரிகள் அன்றைய வரைபடங்களைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஐந்து நாள் கழித்து, மார்ச் 25 அன்று, அதே அமைப்பு மறுபடி வரைபடத்தில் தெரிந்தது. பிற்பகலில் எச்சரிக்கை விடுத்தார்கள். மாலை ஆறு மணியளவில் அதே தளத்தை மீண்டும் ஒரு டோர்னடோ தாக்கியது. விமானங்கள் முன்பே பத்திரப்படுத்தப்பட்டிருந்தன. அதே இடம் அடுத்த சில நாள்களிலேயே தாக்கப்பட்டதில் தற்செயலுக்கும் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வரைபடத்தைப் படித்த முறையில் தற்செயல் ஏதுமில்லை.

எனவே வாரத்தின் முன்னறிவிப்பில் "மேல்வானில் காற்று வலுவாக இருக்கும்", "இடிமழைகள் ஒழுங்கமைந்து வரிசையாக நகரக்கூடும்" போன்ற சொற்கள் எந்த நாளுக்கு வருகின்றன என்று கவனியுங்கள். மழை வாய்ப்பு 70 சதவீதமுள்ள புதன்கிழமையைவிட, 30 சதவீதமே உள்ள, ஆனால் இந்த வரியைத் தாங்கிய வெள்ளிக்கிழமை அதிக கவனத்துக்குரியது. முன்னறிவிப்பு நிலையங்கள் பல இரண்டு படிகளில் பேசுகின்றன: வாய்ப்பான சூழல் உருவாகிறது என்பது ஒன்று; இதோ வந்துகொண்டிருக்கிறது அல்லது ரேடாரில் தெரிந்துவிட்டது என்பது மற்றொன்று. முதலாவது வந்தால் ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம். இரண்டாவது வந்துவிட்டால் ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது, உள்ளே போகவேண்டியதுதான்.

மின்னலுக்கு இந்த எச்சரிக்கைகளெல்லாம் தேவையில்லை. வலுவில்லாத, பத்து நிமிடம் பெய்து ஓய்கிற இடிமேகத்திலிருந்தும் அது வரும். மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால், நீலவானம் தெரியும் இடத்தில்கூட அது இறங்கலாம். மின்னல் பாயும் தடத்தில் வெப்பம் ஏறத்தாழ 30,000 டிகிரி. சூரியனின் மேற்பரப்பைப்போல் ஐந்து மடங்கு. ஒளிக்கும் ஒலிக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 30 நொடி என்றால் 10 கிலோமீட்டர். அதற்குள் வந்துவிட்டால் நான்கு சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குள்ளோ, உலோகக் கூரையுள்ள காருக்குள்ளோ போய்விட வேண்டும். மரத்தடியும் திறந்த கொட்டகையும் இதில் சேராது. எண்ணிப் பார்க்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னும் எளிய விதி இருக்கிறது: இடி காதில் விழுந்தால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். மழை விட்டதும் வெளியே ஓடி வருபவர்கள்தான் இதில் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். கடைசி இடியோசை கேட்டபின் 30 நிமிடம் காத்திருக்கவேண்டும். இடையில் இன்னொன்று கேட்டால் அந்த 30 நிமிடத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணவேண்டும்.